பிளேஃபேர் டிஸ்பிளேங்கற இங்கிலீஷ் ஃபாண்ட்ல மெனு கார்டு பண்றது எப்படி (முதல் 200 கார்டு குப்பைக்குப் போன கதையோட)

அண்ணி வீட்லயே கேக் பண்ணி விக்கிறாங்க, மெனு கார்டு நான் பண்ணித் தரேன்னு நானா வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். ஸ்க்ரீன்ல பாக்க ஃபேஷன் பத்திரிகை அட்டை மாதிரி ஜம்முனு இருந்துச்சு. பிரஸ்லேர்ந்து வந்ததைப் பிரிச்சா பாதி எழுத்துல பாதியக் காணோம். தப்பு பிரஸ் மேல இல்ல, என் மேலதான். இங்க்ஸ்கேப் (ஃப்ரீயா கிடைக்கற டிசைன் சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்றது, ஃபாண்ட் ஏத்துறதெல்லாம் தெரியும்னு வெச்சுக்கிட்டு எழுதுறேன்.

1. ஃபாண்ட் எடுங்க. பிளேஃபேர் டிஸ்பிளே, டென்மார்க்காரர் கிளாஸ் எக்கர்ஸ் சோரன்சன் பண்ணது, 2011லேர்ந்து கூகுள் ஃபாண்ட்ஸ்ல ஃப்ரீயா இருக்கு, ஓபன் ஃபாண்ட் லைசென்ஸ்ங்கறதால வியாபாரத்துக்கும் தாராளமா யூஸ் பண்ணலாம். பொடோனி மோடாங்கற ஃபாண்டும் அழகுதான், ஆனா மெல்லிசு கோடு இன்னும் மெல்லிசு, புதுசா ஆரம்பிக்கறவங்க அது பக்கம் போக வேணாம்னு சொல்வேன்.

2. எழுத்தைப் பெருசாக்கிப் பாருங்க. இதை யாரும் செய்றதில்ல. கேப்பிடல் ஏ-வோட இடது கால் நூலு மாதிரி, வலது கால் தூணு மாதிரி இருக்கும். கேப்பிடல் என்-ல நிக்கற ரெண்டு கோடும் மெல்லிசு, குறுக்கே சாய்ஞ்சது தடி. கூர்முனை நிப்பை அழுத்தி இழுத்தா தடியாவும் லேசா விட்டா மெல்லிசாவும் வரும்ல, அந்த சாயல்தான். இந்த ஃபாண்டுக்கு மூலம் 18ம் நூற்றாண்டு பேஸ்கர்வில் எழுத்து. பர்மிங்ஹாம்ல ஜான் பேஸ்கர்வில் 1757ல வர்ஜில் கவிதைகளை அச்சடிச்சப்போ எழுத்தை மட்டும் மாத்தல, மையையும் மாத்தி, வழவழப்பான பேப்பரையும் தேடிப் பிடிச்சுதான் இறங்கினாரு. நான் என்ன பண்ணேன்? சொரசொரப்பான கோட்டிங் இல்லாத அட்டைல, அடர் பிரவுன் பேக்ரவுண்டுல, வெள்ளை எழுத்தா, அதுவும் 7 பாயின்ட்ல போட்டேன்.

3. நான் விழுந்த இடம் இதுதான், மெதுவா படிங்க. வெள்ளை எழுத்துன்னா அங்க வெள்ளை மை எதுவும் அடிக்கறதில்ல, சுத்தி பிரவுன் அடிச்சு எழுத்தை மட்டும் விட்டுடுவாங்க. அட்டை மையை உறிஞ்சி அது லேசா பரவும்போது முதல்ல மூடிக்கறது மெல்லிசு கோடுதான். இங்கிலீஷ் சின்ன ஈ (e) எழுத்துக்கு நடுவுல ஒரு குறுக்குக் கோடு இருக்கே, அது மூடிடுச்சுன்னா அந்த எழுத்து சி (c) ஆகிடும். எங்க கார்டுல எல்லா கேக்கும் "கேக்சி" மாதிரி ஏதோ ஒண்ணா ஆகிடுச்சு. ஓ (o) எழுத்து மேலயும் கீழயும் அறுந்து ரெண்டு பிராக்கெட்டா நின்னுச்சு.

சரி போல்டு போட்டா தீந்துச்சுன்னு நெனச்சேன். தீரல. இந்த மாதிரி ஃபாண்ட்ல போல்டு போட்டா தடி கோடுதான் இன்னும் தடியாகும், மெல்லிசு கோடு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், உள்ள இருக்கற ஓட்டை வேற சுருங்கிடும். பிரஸ் அண்ணன்தான் கணக்கு சொன்னாரு: "தம்பி, சாதாரண கோடுன்னா கால் பாயின்ட், ரிவர்ஸ்னா (அடர் கலர் நடுவுல வெள்ளையா விடறது) அரை பாயின்ட், அதுக்குக் கீழ போனா நான் கேரண்டி இல்ல." இதை நீங்களே செக் பண்ணலாம். டெக்ஸ்டை ஒரு காப்பி எடுத்து "பாத்" (path, அதாவது திரும்ப டைப் பண்ணி மாத்த முடியாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிட்டு, மெஷர் டூலை ஈ எழுத்தோட குறுக்குக் கோடு மேல மேலேர்ந்து கீழ இழுங்க. எவ்ளோ காட்டுதோ அதான் உங்க தலையெழுத்து.

4. அதனால தலைப்புக்கு மட்டும் பிளேஃபேர், 24 பாயின்டுக்குக் கீழ வேணாம். கேக் பத்தின விவரத்துக்கு நான் முக்த மலர் போட்டேன், தமிழும் இங்கிலீஷும் ஒரே ஃபாண்ட்ல வருது. பிளேஃபேர்ல தமிழே கிடையாது, நீங்க தமிழ்ல டைப் பண்ணா கம்ப்யூட்டர் வேற ஏதாவது ஃபாண்டை எடுத்துப் போட்டுடும், அது செட் ஆகிடுச்சுன்னு ஏமாந்துடாதீங்க. தலைப்பும் தமிழ்ல வேணும்னா நோட்டோ செரிஃப் தமிழ் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஓரளவு ஒத்துப் போகும். எல்லாம் கேப்பிடல்னா எழுத்துக்கு நடுவுல கொஞ்சம் இடம் விடுங்க.

அப்டேட்: விலையெல்லாம் ஏன் ஏறி இறங்கி நிக்குதுன்னு கமென்ட்ல ஒருத்தர் கேட்டாரு, அப்பதான் நானே கவனிச்சேன். 250 போட்டா 2ம் 0ம் குட்டியா, 5 கீழ தொங்கும். 680 போட்டா 6ம் 8ம் மேல ஏறி நிக்கும், 0 சின்ன ஓ மாதிரி இருக்கும். கோளாறு ஒண்ணும் இல்ல, பழைய பாணி நம்பருங்க, இந்த ஃபாண்ட்ல டீஃபால்ட்டே அதான். பத்தி நடுவுல வந்தா நல்லாருக்கும், விலைப்பட்டியல்ல வந்தா பல்லு விழுந்த மாதிரி இருக்கும். இங்க்ஸ்கேப்ல டெக்ஸ்ட் அண்ட் ஃபாண்ட் பேனல்ல ஃபீச்சர்ஸ் டேப், அதுல நியூமெரிக்ங்கற இடத்துல லைனிங்னு மாத்துங்க, எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துடும். உங்க டூல்ல அந்த ஆப்ஷன் இல்லன்னா விலையை வேற ஃபாண்ட்ல போட்டுடுங்க.

5. பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எழுத்தையெல்லாம் "பாத்" ஆக்கி அனுப்புங்க, ஆனா அதுக்கு முன்னாடி ஃபைலை வேற பேர்ல சேவ் பண்ணுங்க. ரெண்டாவது தடவை வெள்ளை அட்டைல கறுப்பு எழுத்து, கார்டு பளிச்சுனு வந்துச்சு. அடுத்த வாரமே அண்ணி ஃபோன்: "தம்பி, வெண்ணெய் விலை ஏறிடுச்சு, அந்த 250ஐ மட்டும் 280 ஆக்கிக் குடேன்." என்கிட்ட இருந்தது "பாத்" ஆக்கின ஃபைல் மட்டும்தான்.