பெங்களூரில் முதல் கார்: கொட்டேஷனைப் படிக்கத் தெரிந்தால் போதும்

அல்சூரில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் லாரி நுழைந்தால் எதிரே வரும் ஆட்டோ ரிவர்ஸில்தான் போக வேண்டும். அதனால் கார் வாங்க முடிவு செய்ததும் நான் முதலில் எடுத்தது அளவு நாடா.

படி 1: நிறுத்தும் இடத்தை அளந்து பாருங்கள்

எங்கள் கட்டடத்தில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே 2.3 மீட்டர். நான் ஆசைப்பட்ட காரின் அகலம் 1.73 மீட்டர். மிச்சம் 57 சென்டிமீட்டர், அதிலும் பக்கக் கண்ணாடிகள் கணக்கில் வராது. கதவைப் பாதி திறந்து நான் இறங்கிவிடுவேன், அப்பாவால் முடியாது. அந்த கார் பட்டியலிலிருந்து போய்விட்டது.

படி 2: கடனை மொத்தமாகப் பாருங்கள்

6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 12,450 ரூபாய். 7 ஆண்டு என்றால் 9,650தான். ஆனால் வட்டி மட்டும் ஏறக்குறைய 63,000 ரூபாய் கூடுதலாகப் போகும். தவணை கையைக் கடிக்கிறதா? அப்படியானால் ஆண்டைக் கூட்டாதீர்கள், காரின் விலையைக் குறையுங்கள்.

படி 3: ஆன்-ரோடு கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள்

நிதானமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். வண்டி சாலைக்கு வரும் வரை ஆகும் மொத்தச் செலவுதான் ஆன்-ரோடு. விளம்பரத்தில் வருவது சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலை. அதன்மேல் கர்நாடகத்தின் ஆயுட்கால சாலை வரி ஏறும். பெட்ரோல், டீசல் கார்களுக்கு 5 முதல் 10 லட்சம் வரை 14 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 17 சதவீதம். அந்த வரியின்மேல் 11 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி வேறு.

இந்த 10 லட்சக் கோட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 9.9 லட்ச ரூபாய் காருக்கு வரியும் செஸ்ஸும் சுமார் 1.54 லட்சம். "சார், இன்னும் முப்பதாயிரம் போட்டா சன்ரூஃப்" என்பார் விற்பனைக்காரர். 10.2 லட்சத்துக்குப் போனால் அதே வரி சுமார் 1.92 லட்சம். முப்பதாயிரத்து சன்ரூஃப் அறுபத்தெட்டாயிரத்துக்கு மேல் ஆகிவிட்டது. 10 லட்சத்துக்கு மேல் போனால், விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரியான டிசிஎஸ்ஸும் 1 சதவீதம் பிடிப்பார்கள். அதை வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம் என்பது ஆறுதல்.

அடுத்து இன்சூரன்ஸ். நம் வண்டியால் மற்றவருக்கு வரும் இழப்பை ஈடுசெய்யும் தேர்டு பார்ட்டி, புதுக் காருக்கு மூன்றாண்டுக்கு எடுப்பது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேளுங்கள், ஐடிவி (வண்டிக்கு இன்சூரன்ஸ் போடும் மதிப்பு) ஒன்றுதானா, ஜீரோ டெப் (உதிரிபாகத் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவது) இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். எனக்கு வந்த காகிதத்தில் 'ஹேண்ட்லிங்' என்று ஒரு வரி இருந்தது. "இது எதுக்கு?" என்று கேட்டேன், பையன் சிரித்துக்கொண்டே பேனாவால் அடித்துவிட்டான். கேட்காமல் இருந்திருந்தால் அதையும் கட்டியிருப்பேன். மேட், மட் ஃப்ளாப் அடங்கிய 'கிட்'டும் அப்படித்தான், வேண்டாம் என்றால் வேண்டாம்.

படி 4: டெஸ்ட் டிரைவ்

ஷோரூம் எதிரே ஒரு சுற்று சுற்றுவது போதாது. மாலை நெரிசலில் கேளுங்கள். இந்த ஊரில் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். பேஸ்மென்ட் சரிவு ஒன்றில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். வீட்டிலேயே உயரமானவரைப் பின்னால் உட்கார வையுங்கள்.

படி 5: பதிவுக்கு முன்பே வண்டியைப் பாருங்கள்

இதை பிடிஐ என்பார்கள், டெலிவரிக்கு முந்தைய சோதனை. பதிவு ஆன பிறகு 'இந்த வண்டி வேண்டாம், வேறு கொடுங்கள்' என்றால் லேசில் நடக்காது. அதனால் பணம் முழுவதும் கட்டுமுன், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தயாரித்த மாதத்தையும் சேசிஸ் எண்ணையும் எழுதி வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். ஐந்து சக்கரத்தையும் பாருங்கள், ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் எல்லாரும் கேட்பது: "ஓசூர்ல மாமா வீடு இருக்கு, டிஎன் நம்பர் போட்டுக்கலாமா?" போட்டாலும், வண்டி 12 மாதத்துக்கு மேல் கர்நாடகத்தில் ஓடினால் அங்கே என்ஓசி (ஆட்சேபமில்லை சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, இங்கத்திய வரியையும் கட்ட வேண்டும். நீங்கள் தினமும் போவது ஒயிட்ஃபீல்டுக்கு என்றால், மாமா வீட்டுக்குப் பொங்கலுக்குப் போனால் போதும்.