தொடர்பு அறுந்துவிட்டது, சரி, அப்புறம்?

"ஃபோன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை."

என் ஆரம்பக் கதைகளில் ஒன்று இப்படியே பத்துப் பக்கம் ஓடியது. படித்த நண்பர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சரி, அவள் என்னதான் செய்தாள்?" ஒன்றும் செய்யவில்லை, அதுதான் கோளாறு. நெருங்கியவரோடு தொடர்பு அறுவது துயரம். அது கதையை நகர்த்தும் முரணாக மாறவேண்டும் என்றால், பாத்திரம் எதையாவது தீர்மானித்தே ஆகவேண்டிய நிலைக்கு வரவேண்டும்.

ஓர் அக்காவையும் தம்பியையும் வைத்துக்கொள்வோம். மூன்று வாரமாகத் தம்பியிடமிருந்து பேச்சே இல்லை.

படி 1: எப்படி அறுந்தது?

"தொடர்புகொள்ள முடியவில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். மணி அடித்தும் எடுக்காத ஃபோன் வேறு, சுவிட்ச் ஆஃப் ஆன ஃபோன் வேறு, உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் சொல்லும் எண் வேறு. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தால் அவன் படித்துவிட்டான், பதில்தான் இல்லை. எனக்குப் பிடித்தது ஒற்றை டிக். நெட் இல்லாமல் இருக்கலாம், ஃபோன் அணைந்திருக்கலாம், அக்காவை அவன் பிளாக்கும் செய்திருக்கலாம். கடிதக் காலத்துக் கதை என்றால், பிரிக்கப்படாமல் திரும்பி வந்த உறை இதே வேலையைச் செய்யும்.

படி 2: மௌனத்துக்கு இரண்டு அர்த்தம்

கதையின் உயிர் இங்கேதான். அவன் கோபித்துக்கொண்டு போனானா, ஆபத்தில் மாட்டியிருக்கிறானா? இரண்டுக்கும் சான்று வையுங்கள். இரண்டும் அவளை எதிரெதிர்த் திசையில் இழுக்கவும் வேண்டும். தன் பேரில் இருக்கும் வீட்டை விற்கப் போவதாக அக்கா சொன்னதில்தான் கடைசிச் சண்டை வந்தது என்று வைப்போம். கோபத்தில் போயிருந்தால் வீட்டை விற்கவே கூடாது, அதோடு உறவு முடிந்துவிடும். ஆபத்தில் இருந்தால் அவனைத் தேட அந்தப் பணம்தான் வழி.

இறந்தவருக்காக அழுது தீர்க்கலாம். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவருக்கு என்ன செய்வது? அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். ஆள் கண்முன் இல்லை, மனதிலோ நீங்காமல் இருக்கிறார். சாப்பிட உட்காரும்போது அவளை அறியாமல் கை இரண்டு தட்டுகளை எடுக்கட்டும். இந்த நிலையை விளக்க வேறு வசனம் தேவைப்படாது.

படி 3: கெடு வையுங்கள்

வீட்டை வாங்குபவர் வெள்ளிக்கிழமைக்கு மேல் பொறுக்கமாட்டார். அவ்வளவு போதும்.

படி 4: பக்கத்தில் ஒரு தோழி

நம் பழைய அகப்பாடல்களில் முல்லைத் திணைக்கு இருத்தல்தான் உரிப்பொருள், அதாவது பிரிந்துபோனவருக்காகப் பொறுத்துக் காத்திருப்பதுதான் அந்தப் பாடல்களின் உணர்வு. கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப்போன தலைவன் வரவில்லை, மழை மட்டும் வந்துவிடுகிறது. தோழி அசராமல் சொல்வாள்: "இது கார்காலமே இல்லை, ஏதோ பருவம் தப்பிய மழை. கொன்றைதான் ஏமாந்துபோய்ப் பூத்துவிட்டது." கண்முன் இருக்கும் சான்றையே மாற்றிப் படிக்கிறாள் பாருங்கள்! உங்கள் கதையிலும் அப்படி ஒருவர் வேண்டும். அக்கா சண்டைதான் காரணம் என்று நம்பினால், தம்பியின் நண்பன் அதை மறுக்கட்டும். அவன் மறைக்கும் விஷயம் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது.

படி 5: தேடலுக்கு விலை

தேடும் ஒவ்வொரு அடியிலும் அவள் எதையாவது இழக்கவேண்டும். அவன் டைரியைப் படிக்கிறாள், அதில் தன்னைப் பற்றி எழுதியிருப்பதையும் படிக்க நேர்கிறது. தம்பியைத் திரும்ப வரவழைத்துக் கதையை முடிக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். வரட்டும், ஆனால் அவள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு வரட்டும்.

பயிற்சிக்கு அந்த வெள்ளிக்கிழமைக் காலையை மட்டும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். மழை வேண்டாம்.