வயல் நண்டு பிடிக்க எந்த லைட் வாங்கலாம்?

சம்பா நடவு முடிந்து மழையும் பிடித்துக்கொண்டால், எங்கள் ஊரில் இரவு எட்டு மணிக்கு மேல் வரப்புகளில் வெளிச்சப் புள்ளிகள் நகரத் தொடங்கும். எல்லாரும் நண்டு பிடிக்கப் போகிறவர்கள். இளம் பயிரைக் கத்தரித்துப் போடுவதும், வரப்பில் வளை தோண்டித் தண்ணீரை ஒழுகவிடுவதும் நண்டின் வேலை. அதைப் பிடித்தால் வயலுக்கும் நல்லது, ரசத்துக்கும் ஆகும். மருந்தடித்த வயலில் மட்டும் பிடிக்காதீர்கள். முயல், உடும்பு கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். அவற்றைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

1. ஒன்று போதாது, இரண்டு வேண்டும்

தலையில் கட்டுகிற ஹெட்லைட் ஒன்று, கையில் ஒரு டார்ச். ஒரு கையில் வாளி, மறு கையில் நண்டு என்று ஆகும்போது ஹெட்லைட் இல்லாமல் முடியாது. டார்ச் எதற்கு என்பதை மூன்றாவது படியில் சொல்கிறேன். அதுதான் முக்கியம்.

2. தூரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

பெட்டியில் "500 மீட்டர்" என்று போட்டிருப்பார்கள். வெளிச்சம் முழுநிலவு அளவுக்கு, அதாவது கால் லக்ஸுக்குக் குறைந்துபோகும் இடம் வரைக்கும் அளந்து சொல்கிற தூரம் அது. அங்கே ஒரு நண்டும் தெரியாது. நாம் பார்ப்பதோ காலடியிலிருந்து மூன்று மீட்டர். ஹெட்லைட்டுக்கு 200 முதல் 300 லூமன் (லைட் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) வரை தாராளம். வெளிச்சம் பரவலாக விழ வேண்டும். நடுவில் மட்டும் சுள்ளென்று அடிக்கும் லைட்டில் கண் கூசி, சுற்றியுள்ளது இருண்டுவிடும்.

3. நிழல்

முதல் பருவத்தில் ஹெட்லைட் மட்டும் கட்டிக்கொண்டு போனேன். வெளிச்சம் நன்றாக இருந்தும் நண்டு தெரியவில்லை. பக்கத்தில் வந்த சித்தப்பா பழைய டார்ச்சை வைத்துக்கொண்டு, நான் தாண்டி வந்த வரப்பிலேயே ஆறு நண்டு பொறுக்கினார். லைட் மட்டம் என்று நினைத்து அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கினேன். அதிலும் தெரியவில்லை.

கோளாறு லைட்டில் இல்லை, அது இருந்த இடத்தில் இருந்தது. நெற்றியில் உள்ள வெளிச்சம் கண் பார்க்கும் திசையிலேயே போகிறது. ஒவ்வொரு பொருளின் நிழலும் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். மண்கட்டி, நண்டு, பள்ளம் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். டார்ச்சை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, சாய்வாக வரப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். நண்டின் ஓடும் காலும் தனித்தனி நிழலாக நீண்டு விழும். கலங்கிய தண்ணீரிலும் இப்படித்தான். நெற்றி வெளிச்சம் சேற்றுத் துகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும். பக்கவாட்டில் பிடித்தால் அடி ஓரளவு புலப்படும்.

இது உயிர் காக்கும் விஷயமும்கூட. வரப்பில் கிடக்கும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் தட்டை வெளிச்சத்தில் காய்ந்த குச்சியாகத் தெரியும். நடக்கும்போது டார்ச், நின்று பிடிக்கும்போது ஹெட்லைட். இந்தப் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். வளைக்குள் மட்டும் எந்த வெளிச்சத்திலும் கையை விடாதீர்கள். நண்டு விட்டுப்போன வளையில் பாம்பு இருக்கும்.

4. நிறம்

நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் எனக்குப் பிடிக்காது. 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடக்கூட நீலம் கூடும்) லைட்டில் பழுப்பு நண்டும் பழுப்புச் சேறும் ஒன்றாக வெளுத்துப் போகின்றன. 4000 முதல் 5000 கெல்வின் வரை உள்ளதை வாங்குங்கள், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. 90 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. சிவப்பு விளக்கும் சேர்ந்திருந்தால், இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் வாளியைப் பார்த்துக்கொள்ளலாம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒருமுறை கண்ணில் பட்டால் எல்லாம் போயிற்று.

5. தண்ணீரும் பேட்டரியும்

லைட் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதை ஐபிஎக்ஸ் எண்ணால் சொல்வார்கள். ஐபிஎக்ஸ் 4 என்றால் மழைத் தூறலைத்தான் தாங்கும். வயலில் லைட் தண்ணீரில் விழாமல் இருக்காது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குகிற ஐபிஎக்ஸ் 7 வாங்குங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாற்றும் வகைதான் என் தேர்வு. உள்ளேயே பொதிந்த பேட்டரி நடு வயலில் தீர்ந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இவ்வகை லைட்டுக்கான பேட்டரியில் போட்டிருக்கும் 18650 என்ற எண்ணுக்கு 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். அந்த அளவில் 3500 எம்.ஏ.எச். (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) சுற்றிலும்தான் கிடைக்கும். 9900 என்று அச்சிட்டிருந்தால் பொய். கையில் எடுத்தாலே பெரும்பாலும் லேசாக இருக்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு லைட் வாங்கிய ஒருவர், புது பேட்டரி போட்டும் எரியவில்லை என்று எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அவருடையது தலை தட்டையான பேட்டரி. லைட்டின் உள்முனையோ குழிந்திருந்தது, தொடவே இல்லை. குமிழ் வைத்த பேட்டரி போட்டதும் எரிந்தது. பாதுகாப்பு மின்சுற்று உள்ள பேட்டரி சில மில்லிமீட்டர் நீளமாகவும் இருக்கும். சில லைட்டில் மூடி திருகாது. கடையிலேயே போட்டு, மூடி, எரியவைத்துப் பார்த்து வாங்குங்கள்.