ஈயை எண்ணுமுன் ஆண், பெண் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு பண்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று அறிய, வேலூரில் பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பழ ஈ எண்ணக் கற்றுக் கொடுத்தவள் நான். என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் சிவப்புக் கண் பெண் ஈயையும் வெள்ளைக் கண் ஆண் ஈயையும் கலந்தேன். முதல் தலைமுறை முழுக்கச் சிவப்பு. இரண்டாம் தலைமுறையில் மூன்று சிவப்புக்கு ஒரு வெள்ளை. 'ஒடுங்கு பண்பு (மற்றதோடு சேரும்போது மறைந்துகொள்வது), உடல் குரோமோசோமில் (ஆண், பெண் என்று தீர்மானிக்காத குரோமோசோமில்) உள்ளது' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன், மதிப்பெண் பூஜ்யம். வெள்ளைக் கண் ஈக்கள் அத்தனையும் ஆண் என்பதை நான் பார்க்கவே இல்லை.

நேதாஜி மார்க்கெட் வாழைப்பழத்தில் மொய்ப்பதைப் பிடித்துவந்து கலக்கலாமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். கூடாது. அது எந்த இனமோ, அதன் பெற்றோர் யாரோ! ஆய்வகத்தில் வளர்த்த, தலைமுறை தலைமுறையாக ஒரே பண்பு மாறாமல் வரும் தூய வழி ஈக்கள்தான் வேண்டும்.

பெண் ஈ கன்னியாக இருக்க வேண்டும். ஒருமுறை இணைந்தாலே விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். பிறகு பிறக்கும் குஞ்சு யாருடையது என்று நீங்கள் சொல்ல முடியாது. காலையில் குப்பியிலுள்ள ஈக்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, 8 மணி நேரத்துக்குள் புதிதாக வெளிவரும் பெண்களைப் பிரித்தெடுங்கள். அந்தக் கணக்கு 25 டிகிரிக்கு உரியது. நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் எடுங்கள். 30 டிகிரியில் ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும் என்பதால் சித்திரை, வைகாசியில் கலப்பே வேண்டாம். வயிற்று நுனி கறுத்து, முன்காலில் சீப்பு போன்ற கரிய முடிக்கற்றை இருந்தால் ஆண்.

ஈக்களை இரண்டு திசையிலும் கலந்துவிடுங்கள். சிவப்புத் தாய், வெள்ளைத் தந்தை ஒரு குப்பி. வெள்ளைத் தாய், சிவப்புத் தந்தை இன்னொன்று. ஏழெட்டு நாளில் பெற்றோரை அகற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளோடு கலந்துவிடும். இரண்டாவது குப்பியில் மகள்கள் எல்லாம் சிவப்பு, மகன்கள் எல்லாம் வெள்ளையாக வந்தால் மரபணு எக்ஸ் குரோமோசோமில் (பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று உள்ள பால் குரோமோசோமில்) இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே கிடைக்கிறது. வளராமல் சுருங்கிப்போன சிறகு (vestigial), கருங்காலி நிற உடல் (ebony) போன்ற பண்புகளில் எந்தத் திசையில் கலந்தாலும் விடை ஒன்றே. அவை உடல் குரோமோசோமில் உள்ளவை.

இரண்டாம் தலைமுறைக்குக் கன்னி தேவையில்லை. முதல் தலைமுறை ஆணையும் பெண்ணையும் புதுக் குப்பியில் விட்டால் போதும். எண்ணும்போது தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: சிவப்புப் பெண், சிவப்பு ஆண், வெள்ளைப் பெண், வெள்ளை ஆண்.

விகிதம் சற்றுப் பிசகினால் பதற வேண்டாம். 200 ஈக்களில் 152 சிவப்பு, 48 வெள்ளை என்றால் கை-வர்க்க மதிப்பு (எதிர்பார்த்த விகிதத்திலிருந்து எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 0.11 தான், 3.84ஐத் தாண்டினால்தான் 3:1 மீது சந்தேகம். பழ ஈக்களை ஆராய்ந்த மரபியல் அறிஞர் மார்கன் 1910இல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறைக் கணக்கு: சிவப்புப் பெண் 2459, சிவப்பு ஆண் 1011, வெள்ளை ஆண் 782. மொத்தத்தில் 3:1 கூட இல்லை, வெள்ளைக் கண் ஈக்கள் பிழைப்பது குறைவு. ஆனால் வெள்ளைப் பெண் என்ற கட்டத்தில் பூஜ்யம். எனக்கு அந்தப் பூஜ்யம்தான் விடை.

எண்ணியவுடன் சோப்புத் தண்ணீரில் கொட்டிவிடாதீர்கள். நான் அன்று கொட்டிவிட்டேன். மறுபடி எண்ணிப் பார்க்க ஓர் ஈகூட மிஞ்சவில்லை.