ஹோண்டா டி16-இல் விட்டாரா பிஸ்டன்: குறைந்த செலவில் டர்போ கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோண்டா சிவிக்கின் டி16 எஞ்சினுக்குள் சுசுகி விட்டாராவின் பிஸ்டன்களைப் போட்டு, அதன்மேல் டர்போ (புகைவாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்துவது அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வேலை. ஹோண்டாவின் டி16, சுசுகியின் ஜி16 இரண்டுமே 75 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 1590 சிசி எஞ்சின்கள். பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னின் விட்டமும் இரண்டிலும் 19 மில்லிமீட்டர்தான். (இந்தியாவில் ஓடிய பழைய மாருதி பலேனோவில் இருந்ததும் இதே ஜி16 குடும்பத்து எஞ்சின்.) விட்டாரா பிஸ்டனின் தலை குழிவானது என்பதால், டி16-இன் வகைகளான டி16இசட்6-இல் 9.2 ஆகவும் டி16ஒய்8-இல் 9.6 ஆகவும் இருக்கும் கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது) ஏறத்தாழ 8.5-க்கு இறங்குகிறது. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, உறுதியான) பிஸ்டன் வாங்கப் பணம் இல்லாதவருக்கு இது நல்ல வழி.

புதிதாகக் கட்டுபவர்களின் எஞ்சின்களைப் பிரிக்கும்போதெல்லாம் அவற்றுள் என் பழைய பழக்கங்களையே காண்கிறேன். போல்ட்டை டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும், சுத்தமாக வேலை செய்ய வேண்டும் என்பவை யாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

போரும் பின்னும் பொருந்தினால் போதும் என்று எண்ணுவது

இரண்டு அளவுகள் ஒத்துப்போகின்றன என்பதற்காக மற்ற அளவுகளும் ஒத்துப்போகும் என்று கொள்ள முடியாது. பின்னின் மையத்திலிருந்து பிஸ்டனின் மேல்விளிம்பு வரையுள்ள உயரம் வேறு, தலைக்குழியின் கொள்ளளவு வேறு, ராடின் (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு) மேல்முனை நுழைய வேண்டிய இடைவெளியும் வேறு. ராடை பிஸ்டனுக்குள் நுழைத்து, இரு பக்கமும் அது தாராளமாக நகர்கிறதா என்று பின்னை ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். உரசினால் மேல்முனையின் பக்கங்களை லேத் பட்டறையில் சமமாகச் சீவித்தான் ஆக வேண்டும்.

பிஸ்டனின் விட்டத்தை எந்த இடத்தில் அளப்பது என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிஸ்டன் உருளை போலத் தோன்றினாலும் மேலே சிறுத்தும் கீழே பருத்தும் இருக்கும். ஹோண்டாவின் கையேடு சொல்லும் உயரத்தில் சுசுகி பிஸ்டனை அளந்தால் கிடைக்கும் எண் அந்த பிஸ்டனின் உண்மையான அகலம் ஆகாது. அந்த எண்ணை வைத்து ரீபோர் செய்தால் (சிலிண்டரை அகலமாகக் கடைந்தால்) பிஸ்டனுக்கும் சுவருக்குமான இடைவெளி கூடவோ குறையவோ செய்யும். எனவே பட்டறைக்கு வெறும் எண்ணை எழுதிக் கொடுக்காமல், நான்கு பிஸ்டன்களையும் பிளாக்கோடு சேர்த்துக் கொடுத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்கென ஒதுக்கிய பிஸ்டனுக்கு ஏற்றபடி ஹோனிங் (சுவரைத் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவருதல்) செய்யச் சொல்ல வேண்டும். பிஸ்டன் கைக்கு வருவதற்கு முன்பே போர் அடித்து வைத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தடித்த கேஸ்கெட் போட்டு கம்ப்ரஷனை இன்னும் குறைப்பது

75 மில்லிமீட்டர் போருக்கு, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே அழுந்தி நிற்கும் கேஸ்கெட்டில் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் எரியறையில் 4.4 சிசி கூடுகிறது. 9.2 விகிதத்தை 8.5-க்கு இறக்க ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை என்பதால், கேஸ்கெட் வழியைப் பலரும் நாடுகிறார்கள். ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது அதன் விளிம்பும் ஹெட்டின் தட்டையான பகுதியும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு நெருங்கி, நடுவில் அகப்பட்ட கலவையைத் தீப்பொறியின் பக்கம் பிதுக்கித் தள்ள வேண்டும். அந்த நெருக்கம் இரண்டு மில்லிமீட்டராக விரிந்தால் ஓரத்தில் தங்கும் கலவை கடைசியில் தானே வெடிக்கும். கம்ப்ரஷன் குறைந்தும் நாக்கிங் கூடும். விட்டாரா பிஸ்டன் பிளாக்கின் மேல்தளத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும் என்பதால், இந்த எஞ்சினுக்குத் தடித்த கேஸ்கெட்டைப் பரிந்துரைப்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்வதே நல்லது. எவ்வளவு கீழே நிற்கிறது என்பதை டயல் கேஜால் அளந்து, அதோடு கேஸ்கெட்டின் அழுந்திய கனத்தையும் கூட்டிப் பாருங்கள்.

பாக்கெட்டில் வந்த ரிங்கை அப்படியே மாட்டுவது

பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரை அழுத்தி நிற்கும், ஓரிடத்தில் வெட்டுப்பட்ட வளையமே ரிங். அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்காத இந்த ஒரு தவறுதான் என்னை இன்றளவும் எரிச்சலூட்டுகிறது. செய்கிறவருக்கு எஞ்சின் போகிறது என்பதோடு, பழி குற்றமற்ற பிஸ்டனின் மேல் விழுகிறது.

அண்மையில் ஓர் இளைஞர் தம் டி16இசட்6 எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்தார். புதிய இன்டர்கூலர், பளபளக்கும் புளோ-ஆஃப் வால்வு, எல்லா இணைப்புக்கும் விலையுயர்ந்த கிளாம்ப் என்று குறையின்றிச் செலவு செய்திருந்தார். மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய வளையப்பகுதி விரல்நீளத்துக்குப் பெயர்ந்து, சிலிண்டர் சுவரில் ஆழமான கோடுகளைப் போட்டிருந்தது. “சுசுகி பிஸ்டன் பூஸ்ட்டைத் தாங்காதுண்ணா, எல்லாரும் தாங்கும்னு சும்மா சொல்றாங்க” என்றார். (பூஸ்ட் என்பது டர்போ தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்.) நான் முதல் ரிங்கை எடுத்து அதன் இரு முனைகளையும் விளக்கொளியில் காட்டினேன். கரி படிந்து மங்கியிருக்க வேண்டிய அந்த முகங்கள் இரண்டும் கண்ணாடிபோல் மின்னின. ரிங்கின் இடைவெளி எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “பாக்கெட்ல வந்த மாதிரியேதான், புது ரிங்தானே” என்றார்.

இதன் கணக்கு கடினமானதன்று. 75 மில்லிமீட்டர் போரின் சுற்றளவு 235.6 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு ரிங் ஒன்று சிலிண்டர் சுவரைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அந்தச் சுற்றளவில் அது ஏறத்தாழ 0.26 மில்லிமீட்டர் நீளும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிறது. முதல் ரிங்குக்கோ மேலே நெருப்பு, உள்ளே கொதிக்கும் பிஸ்டன். டர்போ இல்லாத டி16-இல் முதல் ரிங்குக்கு ஹோண்டா வகுத்த இடைவெளி 0.15 முதல் 0.30 மில்லிமீட்டர். அந்த எஞ்சினில் உண்டாகும் வெப்பத்துக்கு அது போதும். அதே இடைவெளியோடு டர்போவைச் சேர்த்து, நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஏற்றத்தில் பூஸ்ட்டைப் பிடித்து ஓட்டினால் முனைகள் ஒன்றையொன்று முட்டிவிடும். முட்டிய பிறகும் ரிங் நீளவே பார்க்கும். நீள இடமில்லாததால் சுவரின்மேல் அழுந்தி இறுகும். பிஸ்டனோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளில் மேலும் கீழும் இழுக்கப்படுகிறது. இறுகிய ரிங்குக்கும் இழுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் அகப்படுவது அந்த மெல்லிய வளையப்பகுதி. விட்டாராவினுடையது வார்ப்பு பிஸ்டன்; வளைந்து கொடுக்கத் தெரியாமல் உடைந்துவிடும்.

தெருவில் ஓட்டும் டர்போ எஞ்சினுக்கு முதல் ரிங்கின் இடைவெளி போரின் விட்டத்தை 0.005-ஆல் பெருக்கினால் வரும் அளவை ஒட்டி இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. நமக்கு அது 0.375 மில்லிமீட்டர். பூஸ்ட்டைக் கூட்டப்போகிறவர் 0.45 வரை போகலாம். இரண்டாம் ரிங்குக்கு முதலாவதைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்தால், நடுவில் சேரும் அழுத்தம் கீழே வெளியேறிவிடும். முதல் ரிங்கைத் தூக்காது. ரிங்கைச் செய்தவர் தாளில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுவே செல்லும். இடைவெளி சற்றுக் கூடினால் கொஞ்சம் புகையும் கொஞ்சம் ஆயில் செலவும்தான் மிஞ்சும். குறைந்தால் எஞ்சினே மிஞ்சாது. எந்தப் பக்கம் தவறினால் பிழைக்கலாம் என்பது இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, ஏன் எல்லாரும் குறைவான பக்கத்திலேயே தவறுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

செய்முறையும் எளிதே. ஹோனிங் முடித்துக் கழுவிய சிலிண்டருக்குள் ரிங்கை மட்டும் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதால் ரிங்கை ஓர் அங்குலம் கீழே தள்ளினால் அது நேராக அமரும். ஃபீலர் கேஜின் தகடு லேசான பிடிப்போடு நுழையும் அளவே இடைவெளி. தேய்ந்த பிளாக்கை அப்படியே பயன்படுத்துகிறவர் மேலே மட்டும் அளந்தால் ஏமாறுவார், போர் 0.1 மில்லிமீட்டர் அகன்றிருந்தால் ரிங்கின் இடைவெளி 0.31 மில்லிமீட்டர் கூடித் தெரியும், கீழே தேயாத பகுதிக்கு ரிங் இறங்கும்போது அந்தக் கூடுதல் மறைந்துவிடும். சிலிண்டரின் குறுகிய இடத்தில் அளப்பதே சரி. அராவும்போது ஒரு முனையை மட்டும் அராவ வேண்டும். அரம் ரிங்கின் வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி வெட்ட வேண்டும், இல்லையேல் முகத்திலுள்ள பூச்சு பெயரும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை சிலிண்டரில் வைத்து அளந்து பாருங்கள். அராவியதை ஒட்டவைக்க முடியாது. முடிந்ததும் முனையின் பிசிரை எண்ணெய்க்கல்லில் நீக்கி, எந்த ரிங் எந்தச் சிலிண்டருக்கு என்று குறித்து வைக்க வேண்டும். முதல், இரண்டாம் ரிங்குகளாக மொத்தம் எட்டு. ஒரு மாலைப்பொழுதின் வேலை.

இன்னொன்று: ரிங் வாங்குவது பிஸ்டனுக்கு, பிளாக்குக்கு அன்று. ஹோண்டா எஞ்சின் என்று கடையில் சொல்லி ஹோண்டா ரிங் வாங்கி வருகிறவர்கள், பிஸ்டனின் பள்ளம் சுசுகியுடையது என்பதை மறந்துவிடுகிறார்கள். ரிங்கின் கனம் பள்ளத்துக்குப் பொருந்தாவிட்டால் நான் மேலே எழுதிய எதற்கும் பயனில்லை.

நாக்கிங்காலும் அதே வளையப்பகுதி உடையும் என்பதை மறுக்கவில்லை. அதன் தடயம் வேறு. நாக்கிங் என்றால் பிஸ்டனின் தலையிலும் ஸ்பார்க் பிளக்கின் பீங்கானிலும் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள் இருக்கும். ரிங்கின் முனைகள் மங்கியே இருக்கும். முனைகள் மின்னினால் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அந்த இளைஞரின் பிளக்குகள் நான்கும் குற்றமின்றி இருந்தன.

அம்புக்குறியை நம்புவது

பிஸ்டனின் தலையிலுள்ள அம்பு சுசுகி எஞ்சினுக்காகக் குத்தப்பட்டது. டி16-இன் கிராங்க், பெல்ட் பக்கத்திலிருந்து பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றும். பெரும்பாலான எஞ்சின்கள் சுற்றுவதற்கு இது நேர்எதிர். பிஸ்டனில் பின் சற்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தால், அந்த ஒதுக்கம் சுழலும் திசையைப் பொறுத்தது. மாறிப்போனால் குளிர்ந்த எஞ்சின் தடதடவென்று ஒலிக்கும். அதைவிட முக்கியம் வால்வுக்கான இடம். ஹெட்டை இறுதியாக ஏற்றுவதற்கு முன் பிஸ்டன் தலையில் களிமண் உருண்டையை வைத்து, ஹெட்டையும் டைமிங் பெல்ட்டையும் மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பிரித்துப் பாருங்கள். வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணின் கனம் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுவே உங்கள் இடைவெளி.

பின்னைச் சுத்தியலால் இறக்குவது

செய்யாதீர்கள். ராடின் மேல்முனையைச் சூடேற்றி ஒரே மூச்சில் தள்ளும் பட்டறையிடம் கொடுங்கள்.

ராடை மறப்பது

பிஸ்டன் தாங்கினாலும் டி16-இன் ராடு சக்கரத்தில் 200 குதிரைத்திறனைத் தாண்டினால் நம்பத்தக்கதன்று.

பழைய ஈசியூவை ஏமாற்றி ஓட்டுவது

பூஸ்ட் ஏற ஏற எரிபொருள் அழுத்தத்தை உயர்த்தும் ஒரு ரெகுலேட்டரை மட்டும் மாட்டி, பழைய இன்ஜெக்டர்களோடும் பழைய ஈசியூவோடும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஓட்டுவது மலிவான வழிதான். அதில் எரிபொருள் ஓரளவு கூடும். இக்னிஷன் டைமிங் பின்வாங்காது. வார்ப்பு பிஸ்டனைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் பின்வாங்காத டைமிங்தான். 1992 முதல் 1995 வரையிலான சிவிக்கின் பி28 ஈசியூவில் சிப் மாற்றிப் புதிய அட்டவணை எழுத முடியும் என்பதால், இந்தத் தலைமுறை ஹோண்டாவுக்கு வேறு சாக்கு இல்லை. பெரிய இன்ஜெக்டர்கள், கலவையின் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார், ஒவ்வொரு பிஎஸ்ஐ (அழுத்த அலகு) பூஸ்ட்டுக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி பின்தள்ளிய டைமிங் என்று தொடங்கி, பிளக்கைக் கழற்றிப் படித்து அங்கிருந்து மெல்ல முன்னேறலாம். குறைந்த ரெசிஸ்டன்ஸ் கொண்ட இன்ஜெக்டர்களை வாங்கினால் ரெசிஸ்டர் பெட்டியையும் சேர்த்து மாட்ட வேண்டும். ஈசியூவின் டிரைவர் எரிந்த பிறகு அதைத் தேடுவது வீண்.

டர்போவின் ஆயில் திரும்பும் குழாய்

அகலமாக, மடிப்பின்றி, இறக்கமாகச் சென்று, சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். புகைக்கும் டர்போக்களில் பாதி நல்ல டர்போக்கள்.

புது எஞ்சினை ஐடிலில் விட்டு ‘பழக்குவது’

ஃபியூயல் பம்ப்பையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். எஞ்சின் எழும்பி, கசிவு இல்லை, தண்ணீர் சூடேறிவிட்டது என்று உறுதியானதும் சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ரிங் சுவரோடு படிவதற்கு அதன் பின்னால் வாயு அழுத்தம் வேண்டும்; ஐடிலில் அது கிடையாது. மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே உறுமினால் ஹோனிங்கின் கோடுகள் மழுங்கி, ரிங் படியாமலே போகும். பூஸ்ட்டின்றி மிதமாக முடுக்கி, பின் ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு, கியரிலேயே வேகம் குறையவிட்டு, மீண்டும் முடுக்கி என்று சில முறை செய்துவிட்டு, சாதாரண மினரல் ஆயிலை வடித்து ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். நுண்ணிய சாம்பல்நிறப் பசை ஹோனிங்கின் மிச்சம், அது இருக்கும். காந்தத்தில் ஒட்டாத பளபளப்பான செதில்கள் தெரிந்தால் பூஸ்ட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன் சம்ப்பைக் கழற்றுங்கள்.