திண்ணைத் தெருவைத் தெருக்காரர்களே காப்பது எப்படி?

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் வைசியாள் வீதி இருக்கிறது. தெருவை ஒட்டித் தூண் வைத்த தாழ்வாரம், அதன் பின்னே திண்ணை, உள்ளே முற்றம். சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் வீடாகவும் மாடி பிரெஞ்சு பாணியிலும் இருக்கும். 2000களில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அங்கே வீடு வீடாகத் தனித்தனியே பார்க்காமல் தெருவின் முகப்பையே ஒரு வேலையாக எடுத்துச் சீரமைத்தது. செலவில் வீட்டுக்காரர்களும் பங்கேற்றார்கள். 2008இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. திண்ணை வீடுகள் வரிசையாக மிஞ்சியிருக்கும் எந்த ஊருக்கும் இந்த அணுகுமுறை பொருந்தும். இந்த வீடுகள் பொதுச்சுவரில் சாய்ந்து நிற்பவை. நடுவில் ஒன்றை இடித்தால் இருபுறமும் மழையே படாத சுவர்கள் திறந்துகொள்கின்றன. அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டில் விரிசல் விடும்.

முதலில் ஒரு வீட்டுக்கு ஒரு தாள் போடுங்கள். சொந்தக்காரர் யார், எத்தனை வாரிசுகள், குடியிருப்பவர் யார், எங்கே ஒழுகுகிறது, எங்கே ஓதம் ஏறுகிறது, எதை மாற்ற ஆசைப்படுகிறார்கள் என்று எழுதுங்கள். எதிர்த் திண்ணையில் நின்று, கேமராவைச் சாய்க்காமல், முகப்பு முழுவதும் விழும்படி படம் எடுங்கள். திண்ணை உயரம், தூண்களின் இடைவெளி, தாழ்வாரச் சரிவின் நுனி தரையிலிருந்து எத்தனை அடி என்பதை டேப் வைத்து அளந்து குறியுங்கள். பின்னால் தகராறு வரும்போது பேசுவது இந்த அளவுகள்தான்.

கூட்டத்தைத் திண்ணையிலேயே வையுங்கள். முதல் பேச்சிலேயே பாரம்பரியம் என்று தொடங்கினால், வீட்டை இடிக்க விடமாட்டார்கள் என்ற பயம்தான் வரும். ஒழுகல், கழிவறை, வண்டி நிறுத்தும் இடம், கொசு ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். வாடகைக்கு இருப்பவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள், வீட்டின் பழுதை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள்தான். மாலைக் கூட்டம் மட்டும் போட்டால் பெரும்பாலும் ஆண்களின் குரல்தான் கேட்கும். பகலிலும் ஒரு முறை கூடுங்கள். பாகம் பிரியாத சொத்தென்றால் எல்லா வாரிசுகளிடமும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் கொத்தனாரை இறக்காதீர்கள். பாதி பூச்சை உரித்த சுவரோடு வேலை நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

வேலையைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். மொட்டை மாடி மடைவாய்களையும் முற்றத்து வடிகாலையும் சுத்தம் செய்து, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். வேரோடு செங்கல்லும் வந்துவிடும். தண்டை வெட்டி, வேரைச் சாகடித்து, காய்ந்த பிறகு எடுத்து, அந்த இடுக்கைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். அடுத்தது சாலை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் தெரு ஏறி, ஒருநாள் திண்ணைப் படி மறைந்து தண்ணீர் வீட்டுக்குள் வரும். ‘மில்லிங் செய்து (பழைய தாரைச் சுரண்டி எடுத்து), பழைய மட்டத்திலேயே சாலை போட வேண்டும்’ என்று நகராட்சிக்கு எழுதும் மனுவில் எல்லா வீட்டாரும் கையெழுத்திடுங்கள். ஒரே வீட்டிலிருந்து போகும் மனுவுக்கு அந்த வலு கிடைக்காது.

இனி சுவர். இவை சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாக ஆவியாகிப் போக வேண்டும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு உள்ளே படிகமாகிச் செங்கல்லையே மாவாக உதிர்க்கும். கடலோர ஊர்களில் இது வேகமாக நடக்கிறது. ஆகவே சிமெண்ட் பூச்சை உளியால் மெல்ல உரித்துவிட்டு, சுவரைச் சில வாரம் காய விடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியெடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பவும் உள்ளே போய்விடும்.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது, அதாவது தண்ணீர் சேர்த்துக் குழைவாக்கும்போது, தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊற விடுங்கள். அவசரப்பட்டுப் பூசினால் நீறாத துணுக்குகள் சுவரில் இருந்தபடியே நீறிப் பூச்சைப் பொக்கு பொக்காகத் தள்ளும். முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு, கனம் 12 மில்லிமீட்டருக்குள். அது இறுகிய பிறகு, ஒரு வாரமாவது கழித்து, ஒன்றுக்கு இரண்டு என்ற கலவையில் மெல்லிய இரண்டாம் பூச்சு. பூசுவதற்கு முன் சுவரை நனையுங்கள். பூசிய பின் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காயாமல் பாருங்கள். மேல்பூச்சில் கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைக் கலப்பது வழக்கம். கொத்தனார் எந்த அளவைச் சொன்னாலும் ஒரு சதுர மீட்டரில் பூசிப் பார்த்த பிறகே சுவருக்குப் போங்கள். சுண்ணாம்பு கூடினாலும், பூச்சு தடித்தாலும், சுவர் காய்ந்து கிடந்தாலும் விரிசல் விடும். ‘பிடிமானத்துக்குக் கொஞ்சம் சிமெண்ட்’ என்பதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மூன்று நான்கு கை அடித்தால் போதும். எமல்ஷன் அடித்தால் திரும்பவும் ஈரத்தை அடைத்ததாகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு நல்ல காலம்.

கூரையில்தான் உயிர்ச்சேதம் நடக்கிறது. மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பி, அதன் மேல் தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த மட்டக் கூரைதான் மெட்ராஸ் டெரஸ். அதில் மர உத்திரம் முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் பதிந்த முனையில். வெளியே நன்றாக இருக்கிறதே என்று நம்பாமல் முனையருகே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் அன்றே முட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். ஒழுகலை நிறுத்த மேலே கான்கிரீட் போடுவது பரவலான தவறு. ஒரு அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிலோ. பத்துக்குப் பதினைந்து அடி அறையின் மேல் அது 800 கிலோவுக்கு மேல் போகும். ஏற்கெனவே நனைந்த உத்திரம் அதையும் சுமக்க வேண்டும். பழைய தட்டோட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதிது போடுங்கள். பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான புதுச்சேரியின் மேரி கட்டடம் 2014 நவம்பர் கனமழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி அதைத் திறக்க 2021 ஆனது. அரசுக் கட்டடத்துக்குத் திரும்பக் கட்டப் பணம் கிடைத்தது. வீடு விழுந்தால் அந்த மனையில் பெரும்பாலும் அடுக்குமாடிதான் எழும்.

முகப்புக்கு ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் போதும்: திண்ணையை அடைப்பதில்லை, தாழ்வார நுனி உயரத்தை மாற்றுவதில்லை, ஏசி யூனிட் தெருப்பக்கம் வேண்டாம், கடைப் பலகை தூண்களை மறைக்கக் கூடாது. குளியலறை, சமையலறை, பின்கட்டு வீட்டாரின் விருப்பம். அங்கேயும் தலையிட்டால் ஒப்பந்தம் உடையும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் அருகில் இருந்தால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை உண்டு, பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும்.

முதல் வீடாக நடுத்தரப் பழுதுள்ள, மனம் ஒத்த குடும்பத்தின் வீட்டைத் தேர்ந்தெடுங்கள். மிக மோசமான வீட்டில் தொடங்கினால் செலவைப் பார்த்தே மற்றவர்கள் விலகிவிடுவார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார் ஒருவரோடு இரண்டு இளையவர்களைச் சேர்த்து விடுங்கள், அடுத்த வீட்டை அவர்கள் பூசட்டும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: உரித்ததும், முதல் பூச்சு காய்ந்ததும், ஒரு மழை தாண்டியதும். ஆண்டுதோறும் செப்டம்பரில் மடைவாய், உத்திர முனை, விரிசல் மூன்றையும் எல்லா வீட்டிலும் பார்த்து அந்தத் தாளிலேயே தேதியோடு குறியுங்கள். விரிசலின் இரு நுனியிலும் பென்சில் கோடு போட்டால் அது வளர்கிறதா என்று அடுத்த ஆண்டு தெரிந்துவிடும்.