கோவையிலிருந்து பைக்கில் ஒருநாள் மலைப்பயணம்: திரும்பும் வழியை மறப்பதால் நேரும் தவறுகள்

கோயம்புத்தூரில் வசிப்பவர்களுக்கு மலை தொலைவில் இல்லை. தெற்கே பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை. வடக்கே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், கோத்தகிரி. காரமடையில் பிரிந்தால் வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர். வடகிழக்கே சத்தியமங்கலத்தைத் தாண்டித் திம்பம். வடமேற்கே ஆனைக்கட்டி, அதற்கப்பால் அட்டப்பாடி. விடியற்காலையில் வண்டியை எடுத்தால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால், இவற்றுக்கு இருசக்கர வாகனங்களில் செல்வோரின் எண்ணிக்கை விடுமுறை நாட்களில் மிகுதியாக இருக்கிறது. இப்பயணங்களில் நேரும் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் விளைவதை உணரலாம்: போவதைப் பற்றி யோசிக்கும் அளவுக்குத் திரும்பி வருவதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை.

முதல் தவறு தூரத்தைக் கணக்கிடும் முறையிலேயே இருக்கிறது. கோவையிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 105 கிலோமீட்டர். சமவெளியில் இரண்டு மணி நேரத்தில் கடக்கக்கூடிய இத்தூரத்தின் கடைசி 40 கிலோமீட்டரில்தான் ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் இடைப்பட்ட 40 கொண்டை ஊசி வளைவுகளும் வருகின்றன. மஞ்சூர்ச் சாலையில் 43 வளைவுகள், திம்பத்தில் 27. இத்தகைய பாதைகளில் மணிக்கு 25 அல்லது 30 கிலோமீட்டர் வேகமே நிதானமான வேகம். எனவே கிலோமீட்டரை ஒதுக்கிவிட்டு மணி நேரத்தால் திட்டமிட வேண்டும். அதிலும் மலையை விட்டுக் கீழே இறங்கி முடிக்க வேண்டிய நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு ஆழியாற்றில் இருக்க வேண்டுமெனில், மூன்று மணிக்கு வால்பாறையை விட்டாக வேண்டும். அப்படியானால் காலை ஆறு மணிக்குப் பிறகு கோவையில் நின்றுகொண்டு தேநீருக்கு நேரம் செலவிடுவது, வால்பாறையில் சோலையாறு அணையைப் பார்ப்பதற்கான நேரத்தைத் தின்றுவிடும்.

இக்கணக்கைப் போடாதவர்கள்தாம் வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கு இறங்கி, திருச்சூர், பாலக்காடு வழியாக அன்றிரவே கோவை திரும்பும் வட்டப்பாதையை ஒரே நாளில் முடிக்க முயல்கிறார்கள். மொத்தம் 350 கிலோமீட்டருக்கு மேல் வரும் இவ்வழியின் நடுப்பகுதி அடர்ந்த காடு. கேரள வனத்துறையின் சோதனைச் சாவடிகளில் இருசக்கர வாகனங்களை மாலைக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். தாமதமாகச் சென்றால் வந்த வழியே திரும்ப நேரும். அப்போது 40 வளைவுகளும் இருட்டில்தான் எதிர்ப்படும். அழகான பாதைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அது இரண்டு நாள் பயணத்துக்கு உரியது என்பதே என் கருத்து.

சோதனைச் சாவடிகளின் நேரமும் அனுமதியும் அவ்வப்போது மாறக்கூடியவை. சென்ற ஆண்டு நண்பர் சொன்ன தகவலை நம்பிப் புறப்படுவது சரியன்று. நீலகிரிக்குச் செல்லும் வெளி மாவட்ட வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. இ-பாஸை இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். ஆனால் மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு, கைப்பேசியில் சிக்னலைத் தேடியவாறு விண்ணப்பிப்பவர்களை இன்றும் காணலாம். கோடைச் சீசனில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் போக்குவரத்து அமல்படுத்தப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை உள்ளதால், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவது அபராதத்தைத் தவிர்க்கும்.

மழையைப் பற்றிய பொதுவான தவறு, எல்லா மலைகளிலும் ஒரே காலத்தில் மழை பெய்யும் என்று எண்ணுவது. வால்பாறைப் பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையே பெருமழை. அங்குள்ள சின்னக்கல்லாறு தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. குன்னூர், கோத்தகிரியின் கிழக்குச் சரிவுகளோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் அதிகம் நனைகின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைச்சாலைகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. கோவையில் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து நவம்பரில் கோத்தகிரிக்குப் புறப்படுவதும், ஜூலையில் வால்பாறைக்குப் புறப்படுவதும் ஒரே வகையான கவனக்குறைவே. பெருமழை நின்ற மறுநாளும் எச்சரிக்கை தேவை. ஊறிய மண் வெயில் வந்த பிறகும் சரியக்கூடும்.

இனி இறக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரையிலான சுமார் 33 கிலோமீட்டரில் சாலை ஏறத்தாழ 1,450 மீட்டர் கீழே இறங்குகிறது. அந்த உயரத்திலிருந்து வண்டியும் அதிலிருப்பவர்களும் இறங்கும்போது உண்டாகும் வேகத்தை முழுவதும் பிரேக்கே தாங்க வேண்டுமானால், அது அத்தனையும் வெப்பமாக மாறிப் பிரேக்கில்தான் சேரும். டிரம் பிரேக்கில் சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கிறது. டிஸ்க் பிரேக்கில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழிகள் உண்டாகி, லீவரை அழுத்தினால் கைப்பிடி வரை தளர்ந்து வந்துவிடுகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும் என்பதால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நகரத்துக்குள் ஓட்டும் வரை பழைய ஆயிலின் குறை தெரிவதே இல்லை. கோத்தகிரி இறக்கத்தில்தான் தெரியவரும்.

ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய பாடம். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால், என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் சில நொடிகள் பிடித்துவிட்டால் போதும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டி இறங்குவதும், கிளட்சைப் பிடித்தபடியே இறங்குவதும் இந்த உதவியை நாமே துண்டித்துக்கொள்வதற்கு ஒப்பாகும். அப்படி மிஞ்சும் பெட்ரோல் ஒரு தேநீரின் விலைக்குக்கூட வராது. ஸ்கூட்டரில் செல்வோருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்: அதில் தேர்ந்தெடுக்க கியர் இல்லை, ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் மிகவும் குறைந்ததும் கிளட்ச் தானாகவே விடுபட்டு, வண்டி நியூட்ரலில் உருள்வதைப் போலவே உருளும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்காமல், விட்டுவிட்டுப் பிடித்து, சில கிலோமீட்டருக்கு ஒருமுறை அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிட்டு இறங்குவதே வழி.

வளைவுகளில் நேரும் தவறு வேகத்தைவிட இடத்தைப் பொறுத்தது. நம் சாலைகளில் இடப்பக்கம் செல்வதால், வலப்பக்கம் திரும்பும் வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால் சக்கரங்கள் நம் பக்கத்தில் இருந்தாலும் தலையும் தோளும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவிலோ, உட்புறத்தை ஒட்டி நுழைகிறவர்கள் வெளிவரும்போது தம்மை அறியாமல் எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். வளைவில் பேருந்தோ லாரியோ திரும்பும்போது அதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். திம்பத்தில் நீண்ட சரக்கு லாரிகள் முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்புவதுண்டு. கிடைத்த இடைவெளியில் பைக்கைச் செலுத்துவதைவிட ஆபத்தான செயல் அச்சாலையில் வேறில்லை. குறுகிய இடத்தில் மேலேறி வரும் வாகனத்துக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. நின்று மீண்டும் கிளம்புவது ஏறுகிறவருக்கே கடினம் என்பதால் அது நியாயமும்கூட.

குளிரைப் பலர் வசதிக்குறைவாக மட்டும் எண்ணுகிறார்கள். கோவைக்கும் உதகைக்கும் இடையே 1,800 மீட்டர் உயர வேறுபாடு உள்ளதால் வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேல் குறையும். ஓடும் வண்டியில் காற்றும் சேரும். விறைத்த விரல்களால் பிரேக்கைத் தேவையான நேரத்தில் பிடிக்க முடியாது. ஆதலால் கையுறையும் ஜெர்கினும் பிரேக்கைப் போலவே பாதுகாப்புக்கு உரியவை. பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் வேண்டும் என்பதைத் தனியே விளக்கத் தேவையில்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு மீண்டும் வருவோம். கிழக்கு நோக்கிய சரிவுகளில் சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்து வெளிச்சம் முன்னதாகவே குறையும். பிற்பகலில் மூடுபனியும் இறங்கும். யானைகள் சாலையைக் கடப்பதும் பெரும்பாலும் அந்நேரத்தில்தான். பலா பழுக்கும் மாதங்களில் கோத்தகிரிச் சாலையின் குஞ்சப்பனைப் பகுதியில் அவற்றின் நடமாட்டம் அதிகரிக்கும். யானையைக் கண்டதும் ஹாரன் அடிப்பதும், கடந்துவிடலாம் என்று வேகமெடுப்பதும், படமெடுக்க இறங்குவதும் தவறு. தொலைவிலேயே நிறுத்தி, தேவைப்பட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்வாங்குவதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். வால்பாறையில் யானைகள் அருகில் இருப்பதை அறிவிக்கச் சாலையோரங்களில் சிவப்பு விளக்குகள் நிறுவப்பட்டுள்ளன. அவை எரிந்தால் அலங்காரம் என்று எண்ணிக் கடந்துபோகக் கூடாது. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளும் ஆழியாறு வளைவுகளில் வரையாடுகளும் சாலைக்கே வருவதால், அவற்றுக்குத் தின்பண்டம் கொடுப்பது வாகனத்தில் அடிபட அவற்றைப் பழக்குவதாகவே முடியும்.

நின்று பார்க்க வேண்டிய இடங்களில் நிற்பதில் தவறில்லை. வால்பாறைச் சாலையில் ஒன்பதாம் வளைவின் லோம்ஸ் காட்சிமுனையில் ஆழியாறு நீர்த்தேக்கத்தைப் பார்க்காமல் போகிறவரிடம் எனக்குச் சற்று வருத்தம்கூட உண்டு. வளைவின் முனையில் வண்டியை நிறுத்துவதும், தடுப்புச் சுவரின் மேல் ஏறி அமர்வதுமே தவிர்க்க வேண்டியவை. குழுவாகச் செல்வோர் அடுத்தவரை முந்தக் கூடாது என்றும், பின்தங்கியவருக்காக ஒவ்வொரு பிரிவிலும் காத்திருப்பது என்றும் புறப்படும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். குழுவின் வேகத்தை மிகக் குறைந்த அனுபவமுள்ளவரே முடிவு செய்ய வேண்டும்.

மலையிறங்கியதும் பயணம் முடிந்துவிட்டதாக எண்ணுவது கடைசித் தவறு. கைகள் களைத்து, கவனம் தளர்ந்த நிலையில் பொள்ளாச்சிச் சாலையின் அகலத்தைக் கண்டதும் வேகம் தானாகக் கூடிவிடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேற்குக் காற்று, வடக்கு நோக்கிக் கோவைக்குத் திரும்புகிறவர்களின் இடப்பக்கத்தில் மோதும். பெரிய லாரியைக் கடக்கும் வரை காற்று மறைந்திருந்து, கடந்த நொடியில் வண்டியை ஓரடி வலப்பக்கம் தள்ளிவிடும். ஆழியாற்றிலோ பொள்ளாச்சியிலோ இருபது நிமிடம் உட்கார்ந்து, ஏதேனும் சாப்பிட்டுவிட்டு, டயரில் காற்றையும் முகப்பு விளக்கையும் ஒருமுறை பார்த்த பிறகு கிளம்புவதற்கான நேரத்தைக் காலையிலேயே கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.